விண்ட்சர்ஃபிங் பழக கிரகரியா, காசல்ரீயா?

இலங்கை மலையகத்தில் இருந்துகொண்டு காற்றில் ஓடும் பலகை பழக நினைப்பவர்கள், கைட் எனும் பெரிய பட்டம் பலகையை இழுத்துப்போகும் கைட்போர்டிங்கை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கைட்டின் கயிறு 20 முதல் 24 மீட்டர் நீளம். காற்று போகும் பக்கம் அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு மரம், மின்கம்பி, படகு ஒன்றும் இருக்கக் கூடாது. இடம் கிடைத்தாலும் மலை தாண்டி வரும் காற்று விட்டுவிட்டுத்தான் அடிக்கும். காற்று அடங்கியதும் கைட் பின்வாங்கி விழும், கயிறு தொய்யும். அடுத்த வீச்சு வந்தால் ஒரே இழுப்பில் ஆளைத் தூக்கிவிடும். கைட்போர்டிங்குக்கு மே முதல் அக்டோபர் வரை கற்பிட்டிக் களப்புக்குப் போவதுதான் சரி.

பலகையிலேயே பாய் பூட்டி ஓட்டும் விண்ட்சர்ஃபிங் அப்படியல்ல. பாயைப் பிடிக்கும் குறுக்குக் கம்பியான பூமைக் கைவிட்டால் பாய் தண்ணீரில் சாயும், இழுப்பு அத்தோடு முடிந்தது. அதனால் இங்கேயே பழகலாம். நுவரெலியாவின் கிரகரி வாவியா, நோர்வூட் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கமா என்றால், நான் கிரகரி என்பேன்.

காற்றைப் பார்த்து இதைச் சொல்லவில்லை. ஒரு மலைக்குப் பின்னால் அதன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம்வரை காற்று கலங்கியே இருக்கும். 200 மீட்டர் மேடு என்றால் 2 கிலோமீட்டர். கிரகரியின் அகலம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். காசல்ரீயின் ஒடுங்கிய கிளைகளிலும் இதே நிலைதான்.

வித்தியாசம் கரையில்தான். புதிதாக ஏறுபவருக்கு முதல் சில நாட்கள் காற்றை எதிர்த்துத் திரும்பி வரத் தெரியாது. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் கரையேற வேண்டும். கிரகரி 1873இல் அமைந்த வாவி. அதன் நீர்மட்டம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. கரையோரம் பெரும்பகுதிக்குப் பாதை உண்டு. எதிர்க்கரையில் ஒதுங்கினாலும் பாயைக் கழற்றி, பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்பிவிடலாம்.

காசல்ரீ மின்சாரத்துக்காகத் தேக்கிய தண்ணீர். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைந்து, காற்றும் புதியவருக்கு ஏற்றபடி மெதுவாக இருக்கும் நாட்களில்தான் நீர்மட்டம் இறங்குகிறது. அப்போது தண்ணீருக்கும் தேயிலைக்கும் நடுவே செம்மண் சரிவு வெளியே தெரியும். தண்ணீரோரம் சேறு முழங்கால்வரை இழுக்கும். பலகையின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் டேகர்போர்ட் 60, 70 சென்டிமீட்டர் இருக்கும். அது மூழ்கிய மரக்கட்டையில் மோதினால் பலகை அங்கேயே நிற்கும், ஆள் முன்னால் பாய்வார். சரி, தண்ணீர் நிறையட்டும் என்று ஜூன், ஜூலைக்குக் காத்திருந்தால் தென்மேற்குப் பருவக்காற்று முரட்டுத்தனமாக வீசும், அடைமழையில் நீர்த்தேக்கம் வான்பாயும். அணைப் பக்கம் ஒதுங்கினால் உயிருக்கே ஆபத்து. நன்றாகத் திரும்பப் பழகியவருக்குக் காசல்ரீயின் பரப்பு அருமையானது. முதல் பத்து நாளுக்கு வேண்டாம்.

மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கும் இதே குறை உண்டு. தண்ணீர் வற்றினால் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகளே மேலே வரும். ரந்தெனிகல நீர்த்தேக்கக் கரைக்கு யானை வரும்.

கிரகரியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. படகுகளும் ஜெட்ஸ்கியும் ஓடும் இடம் அது. ஏப்ரல் வசந்தகாலக் கூட்டத்தில் பலகையை இறக்கவே கூடாது. மற்ற நாட்களிலும் முன்கூட்டியே அனுமதி கேட்டு, படகுத்துறையை விட்டு விலகிய இடமாகப் பாருங்கள். குளிருக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் வேண்டும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம்.

வாவி ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் தள்ளும் வலு குறையும். கடலோரத்தில் 4.5 சதுர மீட்டர் பாய் பிடிப்பவருக்கு இங்கே 5.3 அளவில் வேண்டும். ஆனால் வீச்சு கூடிய நாளில் பழைய 4.5ஐயே மாட்டுங்கள். பலகையின் கனஅளவு 70 கிலோ ஆளுக்கு 180 லிட்டருக்குக் குறையாமல், டேகர்போர்ட் உள்ளதாக இருக்கட்டும்.

இறங்குமுன் இரண்டு மீட்டர் ரிப்பனை ஒரு மூங்கில் நுனியில் கட்டிக் கரையில் நட்டு, பத்து நிமிடம் பாருங்கள். ரிப்பன் ஒரே பக்கம் நீண்டு, எப்போதாவது தாழ்ந்தால் இறங்கலாம். சட்டென்று தொங்கி, திசை மாறி மறுபடி விறைத்தால் அன்றைக்கு வேண்டாம். தண்ணீரில் ஏறியபின் மேற்பரப்பு கருத்துச் சிலிர்த்துக்கொண்டு வந்தால் அதுதான் அடுத்த வீச்சு. அது வந்து சேருமுன் முழங்காலை மடித்து, பூமின் பின்பக்கம் பிடித்திருக்கும் கையின் பிடியைத் தளர்த்துங்கள். பூமை இறுக்கிப் பிடிப்பவர்தான் தலைகீழாக விழுவார்.

திரும்ப முடியாமல் போனால் நீந்தப் பார்க்காதீர்கள். பலகை மிதக்கும், அதை விடாமல் பிடித்திருங்கள். பூமைக் கழற்றி, பாயை அதன் மரமான மாஸ்ட்டோடு சுருட்டிப் பலகைமேல் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் குப்புறப் படுத்துக் கையால் துழாவி, காற்று போகும் பக்கத்துக் கரைக்குச் சாய்வாக வாருங்கள். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்குப் பின் இடி கேட்கும். முதல் இடிக்கே கரையேறிவிட வேண்டும், மாஸ்ட் உயரமாக நிற்பது மின்னலுக்கு வசதி.