மெல்பர்ன் போகும் பிள்ளை எங்கே தங்குவது: ஹாஸ்டலா, வாடகை வீடா, சித்தி வீடா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது மெல்பர்னில் படிக்க இடம் கிடைத்தால், பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது படிப்பைப் பற்றி அல்ல. "பிள்ளை எங்கேம்மா தங்கும்?" என்றுதான். நான் முதலில் பல்கலைக்கழக ஹாஸ்டலில் இருந்தேன், அப்புறம் தோழிகளோடு சேர்ந்து மெல்பர்னின் புறநகரான ஃபுட்ஸ்கிரேயில் வாடகை வீடு எடுத்தேன். என் ஓட்டு வாடகை வீட்டுக்குத்தான்.

ஹாஸ்டலின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததே. மின்சாரம், தண்ணீர், இணையம் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும், பூட்டு கெட்டால் கீழே போய்ச் சொன்னால் போதும். வாடகைதான் கொஞ்சம் கூடுதல். ஆனால் எல்லாம் காலடியிலேயே கிடைப்பதால் ஊரைச் சுற்ற வேண்டிய தேவையே வராது. மெல்பர்ன் நகர மையத்தில் 2015 முதல் டிராம் இலவசம். அந்த இலவச எல்லையைத் தாண்டாமலே படிப்பை முடித்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

சித்தி வீட்டில் நான் விடுமுறையில் மட்டும்தான் தங்கியிருக்கிறேன். வருடக்கணக்கில் சொந்தக்காரர் வீட்டில் இருந்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். சுடச்சுடச் சோறு, உடம்பு சரியில்லை என்றால் ரசம், எல்லாம் உண்டு. ஆனால் நான் வரும்வரை சித்தி சாப்பிடாமல் காத்திருப்பார். அந்த முகத்தை நினைத்தே சீக்கிரம் கிளம்பிவிடுவேன். வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ரயில் ஓடும் ஊர் அது. எட்டு மணிக்கே வீடு திரும்புகிற பெண்ணுக்கு அதனால் என்ன பயன்?

வாடகை வீட்டுக்கு நான் சாய்வதற்கு முக்கியமான காரணம், ஒப்பந்தத்தில் நம் பெயர் இருப்பது. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலை போனதும் வீடும் போனது. தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் வீடு வாங்கிய அப்பாதான் எங்கள் குடும்பத்தில் வீட்டுக்காகக் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். அடுத்தது நான்.

அந்தக் கையெழுத்தோடு பொறுப்பும் சேர்ந்தே வரும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில், வார வாடகை 900 டாலருக்குள் இருந்தால் டெப்போசிட் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்தப் பணமும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசு அமைப்பு ஒன்றில் கட்டிவைக்க வேண்டும். குடிபோனதும் வீட்டின் நிலையைக் குறிக்கும் படிவம் ஒன்று தருவார்கள். 5 வேலை நாட்களுக்குள் நம் பங்குக்குக் குறைகளை எழுதித் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாங்கள் கைப்பேசி விளக்கோடு முட்டி போட்டுத் தேடினோம். அடுப்பில் உடைந்த திருகு, குளியலறை மூலையில் பூஞ்சை, கட்டிலுக்கு அடியில் கம்பளத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணத் தடம். ஒவ்வொன்றையும் எழுதிப் படமும் எடுத்தோம். காலி செய்தபோது ஏஜெண்ட் அதே தடத்தைக் காட்டி டெப்போசிட்டில் கழிக்கப் பார்த்தார். படிவத்தின் நகலை நானே அனுப்பி, போனில் நானே பேசினேன், அப்பாவைக் கூப்பிடவில்லை. பணம் முழுசாக வந்தது. ஹாஸ்டலிலோ சித்தி வீட்டிலோ இருந்திருந்தால் இப்படிப் பேசவேண்டிய நாளே எனக்கு வந்திருக்காது.

ஊரைத் தெரிந்துகொண்டதும் அந்த வீட்டால்தான். கங்கோங் கீரை ஃபுட்ஸ்கிரே சந்தையிலேயே கிடைத்தது. மற்றதற்கு ரயிலேறிக் குயின் விக்டோரியா சந்தைக்குப் போவோம், திங்களும் புதனும் அங்கே விடுமுறை. திரும்பும்போது வேண்டுமென்றே வேறு டிராம் பிடித்து, தெரியாத தெருவில் இறங்கி நடப்போம். குளிர்காலத்தில் கேஸ் பில்லைப் பங்கு போடும்போது சண்டை வரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லை என்றால் பேச்சே இல்லை. தங்குமிடமும் கவனிப்பும் முறைப்படி ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விசா விதி, அதனால் ஹாஸ்டலையோ சொந்தக்காரர் வீட்டையோதான் பார்க்க வேண்டும். மற்றவர்களும் முதல் செமஸ்டர் ஹாஸ்டலில் இருந்துவிட்டு, கூட வரும் ஆட்களின் குணம் தெரிந்தபின் வீடு தேடுவது நல்லது. பிப்ரவரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் தேடுவதால் போட்டி அதிகம். ஒன்று மட்டும் வேண்டாம்: படத்தை நம்பி, வீட்டை நேரில் பார்க்காமல் இங்கிருந்தே பணம் அனுப்பாதீர்கள். அங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால், உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.