அறக்கட்டளை நூலகங்களுக்குக் கோஹா மென்பொருள்: ஒரு மதிப்பீடு

காரைக்குடி வட்டாரத்தில் அறக்கட்டளை நூலகங்களை நடத்தும் பெரியவர்கள் எந்த மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கும்போதெல்லாம் நான் கோஹாவையே பரிந்துரைக்கிறேன். அது நூற்பட்டியல், நூல் வழங்கல் முதலிய நூலகப் பணிகளுக்கான திறமூல மென்பொருள்; அதாவது அதன் மூலநிரல் எவருக்கும் திறந்திருக்கும். உரிமத்துக்கு விலை இல்லை. ஆயினும் என் பரிந்துரைக்கு முதற்காரணம் விலையன்று, நூற்பட்டியல் நூலகத்தின் உடைமையாகவே இருக்கும் என்பதுதான்.

எங்கள் நூலகத்தில் முன்பு ஒரு தனியார் மென்பொருள் இருந்தது. அதை விற்றவர்கள் பராமரிப்பை நிறுத்தியபோது, பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த பதிவுகளை வெளியே எடுப்பதே பெரும்பாடாயிற்று. எடுத்தவையும் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருந்ததால், யூனிகோடுக்கு மாற்றி வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

கோஹா உருவானதும் இத்தகைய நெருக்கடியில்தான். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டுக்குமேல் சரிவர இயங்காது என்று கண்டு, 1999இல் புதிதாக ஒன்றை எழுதச் செய்தது. 2000 ஜனவரியில் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதை ஜிபிஎல் என்னும் திறமூல உரிமத்தில் வெளியிட்டதால் யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இன்று பராமரிப்பவர் விலகினாலும் நாளை வேறொருவர் அதே மென்பொருளைத் தொடர்ந்து நடத்த முடியும்.

நூல் வழங்கல், உறுப்பினர் கணக்கு, பருவ இதழ்கள், வாசகர் தேடும் பக்கம் எல்லாம் குறையின்றி நடக்கின்றன. நான் வியந்து பாராட்டுவது அதன் பெயர்ப் பதிவு முறையை. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பழைய நூல்களில் ஒரே ஆசிரியரின் பெயர் பலவாறு அச்சாகியிருக்கும்: சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. இவற்றுள் ஒன்றைத் தலைப்பாக நிறுத்தி மற்றவற்றை அதனுடன் இணைத்து, அதற்குரிய அமைப்பையும் இயக்கி வைத்தால், வாசகர் எந்த வடிவில் தேடினாலும் அவருடைய நூல்கள் கிடைக்கும். கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை போன்ற அரிய நூல்கள் இன்னும் பல வீடுகளில் உறங்கும் இப்பகுதிக்கு இவ்வசதி மிகப் பெரிது. பதிவுகள் மார்க் 21 என்னும், நூலகங்கள் நூற்பதிவுக்குப் பயன்படுத்தும் பொது வடிவில் இருப்பதால், வேறு மென்பொருளுக்கு மாற நினைத்தாலும் அவற்றை முழுமையாக எடுத்துச் செல்லலாம்.

குறைகளும் உண்டு. லினக்ஸ் இயங்குதளம் அறிந்த ஒருவர் இல்லாமல் இதை நிறுவுவதும் புதுப்பிப்பதும் கடினம். ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பு வருகிறது. அதைக் கவனிக்க ஆள் வேண்டும். மார்க் புலங்களை, அதாவது ஆசிரியர், தலைப்பு போன்ற விவரங்களுக்கான எண்ணிட்ட இடங்களை, முதன்முறை காணும் நூலகர் மலைத்துப்போவார் என்பதால் பயிற்சிக்கும் காலம் ஒதுக்க வேண்டும். ஆகவே உரிமத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் வரவு செலவுத் திட்டத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

பராமரிப்பை வெளியாரிடம் ஒப்படைக்கும் அறக்கட்டளைகள், மென்பொருள் இயங்கும் வழங்கிக் கணினியின் கடவுச்சொல்லும் தரவுத்தளத்தின் அன்றாட நகலும் தங்களிடம் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் மறவாமல் சேர்க்க வேண்டும்.