அன்ஸ்கூலிங்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவமும் ஓர் அரை மதிப்பெண் வழக்கும்

தாராபுரத்து நண்பர் ஒருவருக்கு, மகளின் எல்.கே.ஜி. கட்டண விவரம் கைக்கு வந்த அன்று என் நினைவு வந்திருக்கிறது. "நீங்கள்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்திருக்கிறீர்களே, அது ஒத்துவருகிறதா? நம்பி இறங்கலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நிதானமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் சமீபத்தில் வீட்டுக்கு வந்த ஒரு விடைத்தாள் இன்னும் மேசைமேல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நிதானம் போய்விடுகிறது.

அடிப்படை விவரங்கள் இப்போது பலருக்கும் தெரிந்தவை. ஹோம்ஸ்கூலிங் என்றால் பள்ளியை வீட்டுக்குள் கொண்டுவருவது. அன்ஸ்கூலிங்கில் அதுவும் கிடையாது. பிள்ளை எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதன் பின்னால் பெற்றோர் போகவேண்டும். அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட் 1970-களில் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சட்டத்தைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு: 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்கள் குடித்தனம் நடத்துகிறோம். 14 வயது நிறைந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக நேராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். மூத்தவளுக்கு எட்டு, சின்னவனுக்கு ஐந்து. எங்களுக்கு அந்தக் கவலை வர இன்னும் காலம் இருக்கிறது.

விலை என்று பார்த்தால் ஒரு சம்பளம். என் மனைவி பெருந்துறையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். இப்போது வீட்டிலிருந்தபடி சில கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்கிறார். அதில் வருவது பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. "கட்டணம் மிச்சம்தானே" என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தோட்டில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் பட்டறை. வருபவற்றில் பெரும்பாலும் கிணற்று மோட்டார்கள், வோல்டேஜ் குறைந்து எரிந்துபோனவை. மூத்தவள் காலையில் என்னோடு வந்துவிட்டாள் என்றால் ஸ்டேட்டரில், அதாவது மோட்டாரின் சுழலாத பகுதியில், காயில் உட்காரும் பள்ளங்களான ஸ்லாட்டுகளை விரல்விட்டு எண்ணுவாள். 36 ஸ்லாட், மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸுக்கு 12. நான்கு போல் (காந்தத் துருவம்) உள்ள மோட்டார் என்றால் போலுக்கு 9. அதற்குள் ஒரு ஃபேஸுக்கு 3. வகுத்தல் என்று ஒன்று இருப்பதாக யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தப்பாகப் பிரித்தால் காயில் உட்காராது, அவ்வளவுதான். கம்பியின் கேஜ் எண் கூடக்கூடக் கம்பி மெலிகிறது என்பதில் மட்டும் அவளுக்கு நெடுநாள் மனத்தாங்கல். "எண் பெரிதானால் கம்பியும் பெரிதாகவேண்டாமா, அப்பா?" என்றாள். இத்தனை வருடம் அந்தக் கம்பியோடு பிழைத்த எனக்கு இது தோன்றவே இல்லை. தேடிப் படித்துத்தான் பதில் சொன்னேன்: கம்பியைத் துளைவழியாகத் திரும்பத் திரும்ப இழுத்து மெலியவைப்பார்கள், எத்தனையாவது இழுப்பு என்பதே எண்ணாக வந்தது. அதற்கப்புறம்தான் சமாதானமானாள்.

இன்னொன்று, பெருவெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டிய பேழை. வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் அதன் அளவு 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். 300 முழம் என்றால் எவ்வளவு தூரம் என்று சின்னவன் கேட்க, கயிற்றை எடுத்துக்கொண்டு மூவரும் காலிங்கராயன் வாய்க்கால் கரைக்குப் போனோம். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியதாகச் சொல்லப்படும் வாய்க்கால் அது. பவானியில் தொடங்கிச் சுமார் 90 கிலோமீட்டர், மேட்டையும் சரிவையும் பார்த்து வளைந்து வளைந்து போகிறது. நேராக 300 முழம் கரை கிடைப்பதற்கே அலையவேண்டியிருந்தது. "ஏன் நேராக வெட்டவில்லை?" என்ற கேள்வி வழியில் வந்து, தண்ணீர் எப்படி மெதுவாக இறங்கவேண்டும் என்பதில் அரைநாள் போயிற்று. அதைச் சொல்லப்போனால் தனிக் கட்டுரையாகிவிடும்.

அளந்தபோதுதான் வம்பு தொடங்கியது. மூத்தவள் தன் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கயிற்றை வெட்டி அளந்தாள். நான் என் கையால் அளந்தேன். இருவருடைய பேழைக்கும் நாற்பது மீட்டருக்குக் கிட்ட வித்தியாசம். பஸ் நிலையத்தில் பூ விற்கும் அம்மாவிடம் எங்கள் வீட்டில் முழம் தகராறு ஏற்கெனவே உண்டு. அவருக்குக் குட்டைக் கை. பூ வாங்கும்போது சின்னவன் தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். ஆகவே கேள்வி தானாக வந்தது: நோவா யாருடைய முழத்தில் கட்டினார்? நோவாவின் முழமா, கர்த்தருடைய முழமா? எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளிக்கு அனுப்பாததற்காக நான் மனதாரச் சந்தோஷப்பட்ட நாள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த நாளைத்தான் சொல்வேன்.

இனிக் குறை. வகுப்பு என்ன என்று கேட்பவர்கள், கட்டம் போட்ட படிவங்கள், "பிறகு வேலைக்கு என்ன செய்வார்கள்" என்கிற சித்தப்பாக்கள், இவையெல்லாம் பழகிவிட்டன. பழகாத ஒன்று உண்டு. மதிப்பெண்ணே வேண்டாம் என்று பள்ளி வாசலை அடைத்தவன் நான். எலிக்குப் பயந்து கதவை அடைத்தவன் வீட்டில் கூரைவழியாக எலி இறங்கியது போல, அது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் வழியாக உள்ளே வந்துவிட்டது.

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் வந்ததற்கு மதிப்பெண், வேதாகமம் கொண்டுவந்ததற்கு மதிப்பெண், காணிக்கைக்கு மதிப்பெண், மனப்பாட வசனத்துக்கு மதிப்பெண். வருடத்துக்கு ஒருமுறை எழுத்துத் தேர்வு, அதற்குப் பரிசு. சபையில் மற்றப் பிள்ளைகளுக்கு இது வாரத்தின் ஏழாவது நாள் தொல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு எழுதிவிட்டுப் போகிறார்கள். வாரம் முழுக்க மதிப்பெண்ணே பார்க்காத என் மகளுக்கோ அது தேன். சனிக்கிழமை இரவே வசனத்தை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகிறாள். பலகையில் தன் பெயருக்கு நேரே நட்சத்திரம் ஒன்று குறைந்தால் மதியச் சோறு இறங்குவதில்லை.

சபையைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வருவதில்லை. இந்த மண்ணில் வேதமும் பள்ளிக்கூடமும் கைகோத்து வந்தவை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு பள்ளிக்கூடமும் தொடங்கினார். 1830-இல் கோவைக்கு வந்த லண்டன் மிஷனும் பள்ளிகளோடுதான் பரவியது. என் தாத்தாவின் அப்பாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது ஒரு மிஷன் பள்ளி. வேறு எந்தத் திண்ணையிலும் அவரை உட்காரவிட்டிருக்கமாட்டார்கள். என் அம்மா மிஷன் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்றால் சபையில் அது நன்றிகெட்டதனம் என்றுதான் படுகிறது. சபைப் போதகரின் மனைவியான ஐயரம்மா ஒருமுறை என்னைத் தனியே கூப்பிட்டு, "பணக்கஷ்டம் இருந்தால் சொல்லுங்கள் தம்பி" என்றார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 1780-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியபோது, அது வாரநாட்களில் வேலைக்குப் போய்ப் பள்ளியே பார்க்காத ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் சபை ஞாயிறு பள்ளிக்கு ரெய்க்ஸ் நினைத்த மாதிரியான மாணவி என் மகள் ஒருத்திதான். அவள் வாசிக்கக் கற்றதும் அங்கேதான். வசன அட்டையைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டினாள். எண்களை ஆலயத்தில் பாட்டு எண் மாட்டும் பலகையில் கற்றாள். வீட்டில் நாங்கள் வாங்கி அடுக்கிய படக்கதைப் புத்தகங்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது மேசைமேல் இருக்கும் விடைத்தாள். கேள்வி: நோவாவின் பேழையின் நீளம் எவ்வளவு? அவள் எழுதிய பதில்: "300 முழம். யாருடைய முழம் என்று எழுதவில்லை. அப்பா முழம் என்றால் பேழை பெரியது." அரை மதிப்பெண் குறைத்து, பக்கத்தில் சிவப்பு மையில், "கேட்டதற்கு மட்டும் பதில் எழுதவும்."

அந்த அரை மதிப்பெண்ணில் முதல் பரிசு போயிற்று. முதல் பரிசு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், இரண்டாம் பரிசு எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்காக அவள் அழவில்லை. அரைக்காக அழுதாள்.

ஆசிரியையிடம் பேசினேன். நல்ல பெண், வாரமெல்லாம் வேலைக்குப் போய்விட்டு, கிடைக்கிற ஒரு விடுமுறையையும் ஊரார் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர். "அண்ணா, ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் அடுத்த வருடம் எல்லாரும் கதை எழுதுவார்கள். நான் எப்படித் திருத்துவது?" என்றார். எனக்கு வாதாட வழியில்லை. அம்மாவோ இரவோடு இரவாக வேதாகமத்தைப் புரட்டி இரண்டு இடங்களைக் கண்டுபிடித்துவிட்டார். உபாகமம் 3:11-இல் பாசானின் ராஜாவான ஓகின் இரும்புக் கட்டிலை அளக்கும்போது, மனிதருடைய கைமுழத்தின்படி என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. எசேக்கியேல் 40:5-இல் வருவது சாதாரண முழத்தைவிட நான்கு விரற்கடை பெரிய முழம். ஆக, யாருடைய முழம் என்பது வேதத்துக்கே இருக்கும் கேள்வி! நான் எழுந்துவிட்டேன், இப்போதே ஆசிரியை வீட்டுக்குப் போகலாம் என்று. அம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "உட்காரடா. நான் திருத்தியிருந்தாலும் அரை குறைத்திருப்பேன். கேட்டது நீளம்" என்றார். பேத்தி அப்பத்தா பக்கம் சாய்ந்துவிட்டாள். அடுத்த முறை வெறும் 300 முழம் என்று எழுதுவாளாம்.

இதற்காகவா ஒரு சம்பளத்தை விட்டோம்? யாரும் கேட்காததையும் யோசிக்கிற பிள்ளை வேண்டும் என்றுதானே இத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டோம்? ஒரு சிவப்பு வரி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதை மாற்றிவிடுகிறது என்றால் இந்த முறையின் உறுதியைப் பற்றி நான் என்ன சொல்ல?

எனவே என் தீர்ப்பு: வாங்கவேண்டாம். பள்ளியில் சேருங்கள். மதிப்பெண்ணைத் தினமும் பார்க்கிற பிள்ளை அதைச் சட்டை செய்வதில்லை. ஒளித்துவைத்து வளர்த்த பிள்ளைதான் அதற்கு உருகுகிறது. பட்டறை, வாய்க்கால், கேஜ் எண் என்று மேலே நான் எழுதிய எதையும் திரும்பப் பெறவில்லை. அவையெல்லாம் உண்மை. இருந்தாலும் வேண்டாம்.

நாங்கள் சின்னவனையும் எங்கும் சேர்ப்பதாக இல்லை. இந்த வருட ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு மட்டும் இருவருக்கும் பணம் கட்டியாயிற்று. பாடம் யாத்திராகமம். இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரமான ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை ஒவ்வொன்றும் பத்து முழ நீளம், ஒன்றரை முழ அகலம் என்று அதில் வருகிறது. சின்னவன் இப்போதே கயிறு கேட்கிறான். அதெல்லாம் தேர்வுக்கு வராது என்கிறாள் அக்கா.