ஜிப்ஸிக்கு வளைத்த ராடா, மேல் ஆர்மா?

மாருதி ஜிப்ஸியில் ஸ்பிரிங் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கும். அதை மேலே ஏற்றிக் கட்டினால் வண்டி ஏறக்குறைய 5 அங்குலம் உயரும்; ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடான டிராக் லிங்க் சரிந்து பட்டையிலும் இடிக்கும்.

மலிவான வழி, ராடை இசட் வடிவில் வளைப்பது. லேத் பட்டறையில் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் இடிப்பது மட்டும்தான் தீரும். ஸ்டீயரிங் கணக்கில் வளைவு செல்லாது. ராடின் இரு முனைகளிலும் உள்ள பால் ஜாயின்ட்டுகளுக்கு இடையிலான நேர்க்கோடுதான் செல்லும். அது சாய்ந்தே கிடப்பதால், சக்கரம் மேடேறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பும். பாரம் விழுந்தால் வளைவு நெளியவும் செய்யும்.

சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளின் தலையில் தனி ஆர்ம் பொருத்தினால் ஜாயின்ட்டே மேலேறும், ராட் கிட்டத்தட்டப் படுத்துவிடும். பாறையில் அடிபடுவதும் குறையும். நான் இந்தக் கட்சி. செலவு கூடுதல்தான், ஜாயின்ட் உட்காரும் துளையை டேப்பர் ரீமரால் கூம்பு வடிவில் கடைய வேண்டும், போல்ட் துளைகள் மயிரிழை பிசகக் கூடாது. பழைய ஆர்மிலேயே துண்டு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பதப்படுத்திய இரும்பு வெல்டிங் ஓரத்தில்தான் விரிசல் விடும்.

காட்டுக்குள் மெதுவாக ஓடும் வண்டிக்கு இசட் ராடே போதும் என்பார்கள். அந்தக் காட்டுக்கு நெடுஞ்சாலை வழியாகத்தானே போகிறோம்?