சொந்தத் தேவைக்கு வீட்டைத் திரும்பப் பெற உதவிய கல்மண்டபம் வழக்கறிஞர் அலுவலகம்

வாடகைக்கு விட்ட வீடு சொந்தக் குடியிருப்புக்குத் தேவைப்படும்போது எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக, ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் கீழ்ப்போர்ஷனில் அப்பா காலத்திலிருந்தே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. நாங்கள் முதலில் கலந்தாலோசித்த வேறொருவர், தண்ணீர் மோட்டாரை நிறுத்திவைத்தால் தானாகவே காலி செய்துவிடுவார்கள் என்றார். கல்மண்டபம் வழக்கறிஞரோ, குடிநீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளைத் துண்டிப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லி, அப்படிச் செய்யும் எண்ணம் இருந்தால் வழக்கைத் தாம் ஏற்க முடியாது என்றார். அந்தக் கண்டிப்பே எனக்கு நம்பிக்கையைத் தந்தது.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அதே ஊரில் வேறு சொந்த வீட்டில் குடியிருக்காத உரிமையாளர் தம் குடியிருப்புத் தேவையைக் காட்டி வீட்டைக் கேட்கலாம் என்று தனிப் பிரிவே இருந்தது. அதற்குப் பதிலாக 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அது வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. அப்பா முத்திரைத்தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம் எப்போதோ காலாவதியாகிவிட்டதால், முறையான ஒப்பந்தம் இல்லாததையே வாடகை நீதிமன்றத்தில் காரணமாகக் காட்டலாம் என்று பொறுமையாக விளக்கினார். அதோடு அம்மாவின் மருத்துவமனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தார். வாடகையை உயர்த்தி வேறு ஆளுக்கு விடும் எண்ணம் உண்டா என்று நேருக்கு நேர் கேட்டார்.

வீட்டைக் காலி செய்யக் கேட்டு அனுப்பிய நோட்டீஸில் ஒரு குறை நேர்ந்தது. குமாஸ்தா புதிய கதவு எண்ணை விட்டுவிட்டுப் பழைய எண்ணை மட்டும் தட்டச்சு செய்ததால், பதிவுத்தபால் திரும்பி வந்துவிட்டது. இரு எண்களும் புழங்கும் எங்கள் பகுதியில் ஓர் அலுவலகம் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். மறு நோட்டீஸுக்குக் கட்டணம் வாங்கவில்லை.

வழக்குப் போடுவதற்கு முன் இரு குடும்பங்களையும் அழைத்துப் பேச வைத்தார் என்பதுதான் எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த வீட்டு அக்கா, மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும்வரையாவது விடுங்கள் என்றார். நாங்கள் சம்மதித்தோம். அதுவரை வாடகையை உயர்த்துவதில்லை, சாவியைக் கொடுக்கும் அன்றே அட்வான்ஸ் தொகையை முழுமையாகத் திருப்பித் தருவது என்று எழுதப்பட்டது. கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் அக்காவிடம் படித்துக் காட்டிய வழக்கறிஞர், தாம் எங்கள் தரப்பு ஆள் என்பதை நினைவூட்டி, 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு, அந்த ஆணைக்குழுவின் வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே கையெழுத்திடுங்கள் என்றார். அக்கா அப்படியே செய்தார். சொன்ன தேதியில் காலி செய்தார்கள். அட்வான்ஸையும் அன்றே கொடுத்தோம்.

வழக்கறிஞர் கட்டணத்தை முதலிலேயே எழுதிக் கொடுக்கிறார்கள், ஆனால் குமாஸ்தா செலவு அதில் அடங்காது என்பதைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். பகலில் நீதிமன்றத்தில் இருப்பதால் தொலைபேசியை எடுப்பதில்லை; மாலையில் நேரில் செல்வதே நல்லது. கிரயப்பத்திரம், சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது, பழைய ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களைக் கையோடு கொண்டு போங்கள்.