கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீட்டுக்கு முதல் இணைய இணைப்பு: கே-ஃபோனா, கேபிள்காரரா, ஏர்ஃபைபரா?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இணையம் என்றால் இதுவரை கைப்பேசி ரீசார்ஜ்தான். பிள்ளைகள் மேல்வகுப்புக்குப் போய், வீட்டில் ஒருவர் கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு இங்கிருந்தபடியே வேலை பார்க்கத் தொடங்கியதும் அது போதாமல் போகிறது. எங்கள் வீட்டிலும் அதுவே நடந்ததால், கிடைக்கக்கூடிய இணைப்புகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

இங்கே எல்லைக்கோடு முதலிலேயே குறுக்கிடுகிறது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் கேரள அரசின் வலையமைப்பு. மாநில மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாக வருவது. கேரளா விஷன் இம்மாநிலக் கேபிள்காரர்கள் கூடி உருவாக்கியது. ஆகவே சோதனைச்சாவடிக்குக் கிழக்கே வீடு இருப்பவர்கள் இவ்விரண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் ஆகியவை இரு பக்கமும் சேவை தருகின்றன. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும், தொலைத்தொடர்புச் சேவைக்குப் பிரித்திருக்கும் கேரள வட்டமும் தமிழ்நாட்டு வட்டமும் வேறு வேறு என்பதால், எல்லைக்கு அந்தப் பக்கத்து உறவினர் சொல்லும் அனுபவத்தை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. தெளிவான எச்டி காணொளி ஒன்றுக்குச் சுமார் 5 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்னும் வேக அளவு) போதும். நான்கு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 30 அல்லது 40 எம்பிபிஎஸ் திட்டத்தில் குறையொன்றும் தெரியாது. கே-ஃபோன் தொடக்கத்தில் அறிவித்த மிகக் குறைந்த திட்டம் 299 ரூபாய்க்கு 20 எம்பிபிஎஸ் வேகமும் மாதம் 3000 ஜிபியும் தந்தது. எந்த நிறுவனமானாலும் விளம்பர விலையின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேரும் என்பதால், 299 என்பது ஏறக்குறைய 353 ஆகிறது.

2023 செப்டம்பரில் வந்த ஜியோ ஏர்ஃபைபரின் 599 ரூபாய்த் திட்டம் 30 எம்பிபிஎஸ் வேகமும் மாதம் 1000 ஜிபி வரம்பும் கொண்டது. நாளொன்றுக்கு 33 ஜிபி என்பது சாதாரணக் குடும்பத்துக்குத் தாராளம்தான். வயர் இழுக்காமல், மொட்டை மாடியில் கருவியைப் பொருத்தி, டவரிலிருந்து 5ஜி அலையை வாங்கும் முறை இது. கம்பிவடம் எட்டாத தோட்ட வீடுகளுக்கு இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் நம் ஊரில் வீட்டுக்கும் டவருக்கும் நடுவே தென்னந்தோப்பு நிற்கிறது. ஓலைகள் அலையை மங்கச் செய்யும், அவை மழையில் நனைந்திருந்தால் இன்னும் அதிகமாக மங்கச் செய்யும். ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் அக்கம்பக்கத்தில் அது எப்படி ஓடுகிறது என்று விசாரிக்காமல் பணம் கட்டக் கூடாது.

ஒளியிழை வயர் வழியே வரும் ஃபைபர் இணைப்புக்கும் அதே மாதங்கள்தான் சோதனைக் காலம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் மட்டை விழுந்து வயர் அறுவது இங்கே ஆண்டுதோறும் நடப்பது. என் பெரியப்பா வீட்டில் அப்படி அறுந்தபோது, புகார் எண் உடனே வந்தது. ஆள் வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அண்ணன் மகள் தேர்வுக்குப் படிக்கவேண்டிய பாடங்களைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கண் எரிச்சலோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, விலைப்பட்டியலை மட்டும் வைத்து முடிவெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தெருவில் கேபிள் டிவி நடத்துபவரின் ஃபைபர் அதே காற்றில் அறுந்தபோது, இழையை ஒட்டும் கருவியோடு அவர் மாலைக்குள் வந்து சரிசெய்தார். அவர் வீடு மூன்று தெரு தள்ளி இருக்கிறது. மாதம் நூறு ரூபாய் கூடினாலும் அந்த அண்மைக்கே நான் முதலிடம் தருவேன். பிஎஸ்என்எல் இணைப்பையும் பல ஊர்களில் அந்நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களே பராமரிக்கிறார்கள். அப்படிப் பராமரிப்பவர் உங்கள் ஊர்க்காரராக இருந்தால் அதுவும் சம தகுதி உடையதே. கே-ஃபோனுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்கிறார், எங்கே குடியிருக்கிறார்?

இலவச மோடத்துக்காக ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டுவது முதல் இணைப்புக்கு ஏற்றதல்ல. ஒரு மழைக்காலத்தைப் பார்க்கும்வரை மாதக் கட்டணமே பாதுகாப்பு.

நாங்கள் கேபிள்காரரின் 50 எம்பிபிஎஸ் திட்டத்தை எடுத்தோம். ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத்தரும், கம்பங்களில் உள்ள ஒளியிழைப் பிரிப்பான்களுக்கு மின்சாரம் தேவையில்லை; மின்தடையின்போது இரு முனைகளில் மட்டும் மின்சாரம் இருந்தால் போதும் என்பதால், அவருடைய அறையில் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, எங்கள் மோடத்துக்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம்.