ஏழு பேர் உட்காரலாம் என்றார்கள்: பழைய அல்சாவில் எட்டு மாதம்

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் படிக்க வந்திருப்பீர்கள். 2013-இல் பதிவான பெரோடுவா அல்சா, ஆட்டோ கியர், வாங்கும்போது மீட்டரில் 138,000 கிலோமீட்டர், 22,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இன்சூரன்ஸ், ரோட் டெக்ஸ், நான்கு டயர், பேட்டரி, அப்புறம் என் தம்பி கைவைத்த சில்லறை வேலைகள் எல்லாம் சேர்த்து 25,600 ஆகிவிட்டது. எட்டு மாதம் ஓட்டியாயிற்று. வாங்கலாமா என்று யாராவது கேட்டால் வாங்கு என்றுதான் சொல்கிறேன், ஆனால் கையோடு உங்கள் வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு முட்டி வலி என்றும் கேட்டுவிடுகிறேன்.

எங்கள் வீட்டுக் கதை இதுதான். சுங்கை சிப்புட்டில் லிந்தாங் போகும் சாலைப் பக்கம் ஒரு தாமானில் இருக்கிறோம். வீட்டுக்காரர் ஈப்போவில் ஷிப்ட் வேலை, எங்கள் மைவி காரை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. இரண்டு பிள்ளைகள் இருந்தவரை மோட்டாரில் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று சமாளித்தேன் (செய்யக்கூடாது, தெரியும், திட்டாதீர்கள்). மூன்றாவது பிறந்ததும் அந்த வித்தை முடிந்தது. இதில் மாமாவும் மாமியாரும் இன்னும் தோட்டத்து வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார்கள், மாதம் இரண்டு தடவை அவர்களை கிளினிக்குக்கு அழைத்துப் போகவேண்டும், கடைசி மூன்று கிலோமீட்டர் செம்பனைக்கு நடுவே செம்மண் சாலை. ஆக ஏழு பேர். மைவியில் ஐந்து பேர், மீதி இரண்டு பேர் யாராவது உறவுக்காரர் காரில், அல்லது இரண்டு நடை. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் போய் இரண்டு நடையாக வீடு திரும்பிய அன்றைக்குத்தான் கார் தேட ஆரம்பித்தோம்.

பழைய கார் விற்பவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "அக்கா, இது ஒரு டீச்சர் ஓட்டின கார்." நானும் டீச்சர்தான் தம்பி. காலை ஏழு மணிக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு, பள்ளிக் கேட்டில் பங்குனி வெயிலில் எஞ்சினை அணைக்காமல் அரைமணி நேரம் காத்திருந்து, நடைபாதைக் கல் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி நிறுத்தும் கூட்டம் நாங்கள். டீச்சர் ஓட்டியது என்றால் விலையைக் குறைக்கத்தான் வேண்டும்.

முதலில் போன கடையில் பலகையில் 19,800 என்று எழுதியிருந்தது. காரும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, 300 வெள்ளி முன்பணம் கட்டினோம். மறுநாள் கணக்கு வந்தது பாருங்கள், பத்திரச் செலவு, கையாளும் செலவு, பாலிஷ் செலவு, அவர்கள் சொல்லும் இடத்திலேயே இன்சூரன்ஸ், எல்லாம் சேர்த்து 24,000-க்கு மேல். வேண்டாம் என்றோம். முன்பணம் திரும்ப வராது, ரசீதில் சின்ன எழுத்தில் இருக்கிறதே என்றார்கள். இருந்தது. 300 வெள்ளிக்கு ஒரு பாடம் வாங்கிக்கொண்டு வந்தேன், நான் சொல்லிக்கொடுக்கும் டியூஷனைவிட விலை அதிகம்.

இரண்டாவது கடைக்குத் தம்பியை இழுத்துக்கொண்டு போனேன். அவன் வொர்க்ஷாப்பில் வேலை செய்கிறவன். எஞ்சினைத் திறப்பான் என்று பார்த்தால், நேரே பின் சீட்டில் போய் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான், சுருளில் இருக்கும் கடைசி முழம் வரைக்கும். அந்தக் கடைசி அரை அடியில் தேநீர் கொட்டிக் காய்ந்தது போல் ஒரு பழுப்புக் கோடு. ஒன்றும் பேசவில்லை. பின்னால் போய் ஸ்பேர் டயரைத் தூக்கினான், அடியில் முகப் பவுடர் மாதிரி மெல்லிய சேறு, விரலால் தொட்டு எனக்குக் காட்டினான். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தபோது எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்று பார்த்தோமே, அதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கழுவி, சீட் உறை மாற்றி, வாசனை அட்டை தொங்கவிட்டால் யாருக்குத் தெரியும். பெல்ட்டின் கடைசி முழத்தை மட்டும் யாரும் கழுவுவதில்லை. கடையில் வாசனை அட்டை இரண்டுக்கு மேல் தொங்கினால் எனக்கு இப்போது சந்தேகம்தான்.

கடைசியில் கிடைத்தது கோலகங்சாரில், கடையில் இல்லை, ஒரு வீட்டில். முதல் உரிமையாளர், சர்வீஸ் புத்தகத்தில் முத்திரைகள் வரிசையாக இருந்தன. மீட்டரைத் திருப்பிவிட்டிருந்தால் இந்த முத்திரைகளிலும் எஞ்சின் ஆயில் மாற்றிய ஸ்டிக்கரிலும் எங்காவது இடறும். பிரேக் மிதியின் ரப்பரையும், ஓட்டுநர் சீட்டில் இறங்கும் பக்கத்து ஓரத்தையும் பாருங்கள், 60,000 கிலோமீட்டர் ஓடிய காருக்கு மிதி வழுக்கையாக இருக்காது. டயரின் பக்கத்தில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. எங்களுடையதில் 2217. பட்டன் இன்னும் தேயவில்லை, ஆனால் ரப்பர் பிஸ்கட் போல வெடித்திருந்தது, அதைக் காட்டித்தான் 700 வெள்ளி குறைத்தோம்.

இப்போது முக்கியமான சோதனை. அந்த வீட்டு ரம்புத்தான் மரத்தடியில் ஏழு பேரும் ஏறி உட்கார்ந்தோம். ஆமாம், மாமியார் உட்பட, குழந்தை சீட் உட்பட. தம்பி காரில் நான்கு பேர், மைவியில் மீதி என்று ஊர்வலமாகப் போயிருந்தோம். விற்பவர் வீட்டம்மா முதலில் பயந்துவிட்டார், அப்புறம் எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்தார். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஏழு பேர் கார் எதையும் வாங்காதீர்கள், கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் என்றால், அல்சாவின் மூன்றாம் வரிசை பெரியவர்களுக்கு ஆனது இல்லை. எங்கள் பெரியவனுக்குப் பதினோரு வயது, அவன் உட்கார்ந்தால் முட்டி கொஞ்சம் மேலே நிற்கும், பரவாயில்லை என்கிறான். மாமா ஒருநாள் வீம்புக்கு உட்கார்ந்தார், ஈப்போ வரை வந்து இறங்கும்போது இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எட்டு வயதுக்காரிக்கு அதுதான் அரண்மனை. பின்னால் போக இரண்டாம் வரிசையை மடக்கவேண்டும் இல்லையா, அங்கேதான் நாங்கள் முதலில் தவறு செய்தோம். குழந்தை சீட்டை இடது பக்கம் கட்டினோம், அதைக் கட்டிவிட்டால் அந்தப் பக்கம் மடக்க முடியாது, பிள்ளைகள் சாலைப் பக்கக் கதவு வழியாக ஏறினார்கள். பள்ளி வாசலில் லாரி ஒன்று உரசுவது போல் போனது, அன்றைக்கே ஓட்டுநருக்குப் பின்னால் மாற்றிக் கட்டினேன். இப்போது நடைபாதைப் பக்கம் மடக்கி ஏறுகிறார்கள். 2020 ஜனவரியிலிருந்து குழந்தை சீட் கட்டாயம் என்பதால் பழைய கார் பார்க்கப் போகும்போது உங்கள் சீட்டையே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிப் பாருங்கள்.

ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் சாமானுக்கு இடம் கிடையாது. ஒரு அர்ச்சனைத் தட்டு, இரண்டு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பை, அவ்வளவுதான். தள்ளுவண்டி வேண்டுமென்றால் மூன்றாம் வரிசையில் ஒரு பாதியை மடக்கி ஆறு பேராகப் போகவேண்டும். எங்களுக்கு ஏழு பேர் பயணம் மாதத்தில் மூன்று நான்குதான், மற்ற நாளெல்லாம் பின்வரிசை மடங்கியே கிடக்கிறது, அரிசி மூட்டை, பள்ளி விளையாட்டுப் போட்டிச் சாமான், ஒருமுறை மாமாவின் வாழைக்கன்றுகள் என்று எல்லாம் போகிறது. உங்களுக்குத் தினமும் ஏழு பெரியவர்கள் என்றால் இந்தக் கார் வேண்டாம். எக்ஸோராவைப் பாருங்கள், பின்வரிசை நிஜமாகவே பெரியது, மேலே பின்னாலுள்ளவர்களுக்குத் தனியாக ஏர்கோன் காற்றும் வரும். பழைய 1.6 எக்ஸோராவில் டைமிங் பெல்ட் என்பதால் அதை மாற்றிய பில்லைக் கேளுங்கள். அல்சாவில் சங்கிலி, அந்தச் செலவு இல்லை. அவான்சாவைத் தோட்டத்துச் சாலைக்காக மாமா விரும்பினார், பின்சக்கரம் தள்ளும், உயரமாகவும் நிற்கும், ஆனால் எங்கள் பட்ஜெட்டில் கிடைத்ததெல்லாம் ரொம்பக் களைத்துப்போன வண்டிகள்.

ஏர்கோன் பற்றிச் சொல்லவேண்டும். இந்தத் தலைமுறை அல்சாவில் பின்னால் காற்றுத் துவாரம் இல்லை. மதியம் ஒன்றரை மணிக்குப் பள்ளி விட்டு ஏறினால், முன்னால் எனக்குக் கை குளிரும், பின்னால் இரண்டும் வேர்த்து வழியும். பாசாரில் 25 வெள்ளிக்கு ஒரு குட்டி விசிறி வாங்கி இரண்டாம் வரிசைத் தலையணையில் கட்டிவிட்டேன், இப்போது அதற்குச் சண்டை.

ஓட்டுவது சுலபம். கியர் லிவர் டேஷ்போர்டிலேயே இருப்பதால் நடுவில் கைப்பை வைக்க இடம் கிடைக்கிறது. 1.5 எஞ்சின், நான்கு கியர்தான், நெடுஞ்சாலையில் 110-ஐத் தாண்டினால் சத்தம் பேச்சை விழுங்கும், எனக்கு அந்த வேகத்தில் போகும் அவசரமும் இல்லை. ஏழு பேரோடு மேடு ஏறும்போது மட்டும் கியரை இறக்கிவிட்டு முனகும். தோட்டத்துச் செம்மண்ணில் நிறைந்த சுமையோடு போனால் அடியில் தட்டும், அந்த மூன்று கிலோமீட்டரும் மாட்டுவண்டி வேகம்தான். பெட்ரோல் ஊருக்குள் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போல் வருகிறது. முன் அப்சோர்பர் இரண்டையும் மாற்றினோம், பதின்மூன்று வயது காருக்கு அதைக் குறை என்று சொல்லமாட்டேன். இப்போதைய புதிய அல்சாவில் வரும் சறுக்கல் தடுப்புக் கருவி இதில் கிடையாது, மழையில் நானே என் கருவி.

நேரடியாக வாங்கினால் அலைச்சல் நமக்குத்தான். பெயர் மாற்ற புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் பி5 சோதனை, அப்புறம் ஜேபிஜேயில், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவில், இரண்டு பேரும் கைரேகை. முதல் தடவை சோதனையில் விழுந்தோம், முன்பக்க ஜன்னலில் கறுப்பு ஒட்டியிருந்தது. அந்தக் கண்ணாடி 50 விழுக்காடு, முன் கண்ணாடி 70 விழுக்காடு வெளிச்சம் விடவேண்டும். உரித்துவிட்டு மறுபடி போனோம். ஒன்று நினைவில் வையுங்கள், சேசி எண், எஞ்சின் எண், பிரேக், விளக்கு இதெல்லாம் சரியா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. "புஸ்பாகோம் பாஸ்" என்று யாராவது அழுத்திச் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு உங்கள் போர்மனையும் (மெக்கானிக்) கூப்பிடுங்கள்.

இரண்டாவது கார் வாங்குகிறவர்கள் மறக்கும் விஷயம் என்.சி.டி., அதாவது இன்சூரன்ஸில் கோரிக்கை வைக்காதவர்களுக்குக் கிடைக்கும் கழிவு. ரோட் டெக்ஸ் கொஞ்சம்தான், அதை நம்பி இன்சூரன்ஸும் மைவி மாதிரி வரும் என்று நினைத்தேன். 1,010 வெள்ளி என்றார்கள். வீட்டுக்காரரின் 55 விழுக்காடு கழிவு மைவியோடு போய்விட்டது, ஒரு கழிவை ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்குத்தான் பயன்படுத்த முடியும், என் பெயரில் இது முதல் கார் என்பதால் எனக்குப் பூஜ்யம். கோரிக்கை எதுவும் இல்லாமல் ஓட்டினால் 25, 30, 38.33, 45, 55 என்று ஏறும், உச்சிக்குப் போக ஐந்து வருடம். இரண்டு காரும் ஒரே பெயரில் இருந்தால், எந்தக் காருக்குப் பிரிமியம் அதிகமோ அதற்குப் பெரிய கழிவை மாற்றிக்கொள்ளலாம், புதுப்பிக்கும்போது கேளுங்கள்.

பணத்துக்கு ஆசிரியர் கூட்டுறவில் 15,000 கடன், மீதி சேமிப்பு. பத்து வயது தாண்டிய காருக்குக் கடன் என்றதும் வங்கியில் முகம் சுளித்தார்கள். கூட்டுறவில் வாங்கியதில் மாமாவுக்கு ரொம்பத் திருப்தி. மாமாவின் அப்பா பால் மரம் சீவிய காலத்தில், ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர், சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர் வேறு, பணப்பேச்சு எடுத்தாலே அந்தக் கதை இல்லாமல் முடியாது. "வங்கிக்காரன் காரைப் பாப்பான், சங்கம் ஆளைப் பாக்கும்" என்றார். என் சம்பளச் சீட்டைத்தான் பார்த்தார்கள், அதை அவரிடம் சொல்லவில்லை.

போன ஞாயிறு ஏழு பேரும் கல்லுமலைக்குப் போய்வந்தோம், ஒரே நடை. மாமியார் முன் சீட், அது இனி அவருடையது, பேச்சுக்கே இடமில்லை. வீட்டுக்காரர் மூன்றாம் வரிசையில் மகளோடு உட்கார்ந்து, அந்த 25 வெள்ளி விசிறியைத் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு வந்தார்.